கணக்கைக் காட்டி வரி கேளுங்கள்: பினாங்கு மாநகர் மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

இந்தத் தீவில் வீடோ கடையோ வைத்திருக்கும் எல்லாரும் பிப்ரவரி முடிவதற்குள் ஒரு முறையும் ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு முறையும் உங்களுக்கு வரி கட்டுகிறோம். முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் மனுக் கொடுக்க ஆள் நிறைய உண்டு. எங்கள் வாசலில் குப்பை அள்ளுவது, லோங்காங் எனும் சாக்கடையைத் தூர்வாருவது, தெருவிளக்கை மாற்றுவது, அங்காடிக்கு லைசென்ஸ் தருவது, பக்கத்து நிலத்தில் எத்தனை மாடி எழும்பலாம் என்று முடிவு செய்வது எல்லாம் உங்கள் வேலை. ஆனாலும் உங்களுக்கு மடல் எழுதுபவர் அரிது. பலருக்கு உங்கள் பெயரே தெரியாது. அதற்குக் காரணம் எளிது. உங்களுக்கு நாங்கள் வாக்களித்ததில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, அதிகபட்சம் 24 பேர் என்ற வரம்புக்குள், மாநில அரசு உங்களை நியமிக்கிறது.

உங்கள் நியமனத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. தேர்தல் இல்லாத ஒரு மன்றம் மக்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருக்கிறது. அது கணக்குப் புத்தகம். எங்கிருந்து எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் எதற்குப் போனது, அடுத்த பத்தாண்டில் எது முதலில், எது பிறகு என்பதை எங்கள் முன்னால் விரித்து வையுங்கள். அதன் பிறகு வரியை உயர்த்த வேண்டுமானால் உயர்த்துங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் வரலாறு. மலாயாவில் வாக்குச் சீட்டு என்ற ஒன்றை முதலில் பார்த்த ஊர் ஜோர்ஜ்டவுன். 1857-இலேயே இங்கே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1913-இல் அது நிறுத்தப்பட்டது. 1951 டிசம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோதும் நாட்டுக்கு வழிகாட்டியது இதே ஊர்தான். 1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுனுக்கு மாநகர் தகுதி கிடைத்தது. அந்தக் காலத்தில் மேயராக இருந்தவர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் இன்றும் இந்த ஊரில் ஒரு சாலை இருக்கிறது. 2023-இல் இராஜேந்திரன் மேயர் பொறுப்பை ஏற்றபோது நம்மவர்கள் மகிழ்ந்தோம். அன்றைய மேயரை, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் தேர்ந்தெடுத்தது. இராஜேந்திரன் நியமனத்தால் வந்தவர். இரண்டு பேரும் நம்மவர் என்று பெருமைப்படும்போது இந்த வேறுபாட்டையும் நினைவில் வைப்பது நல்லது.

இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே ஜோர்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் போயின. உள்ளாட்சிகளை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய செனட்டர் ஆதி நாகப்பன், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968-இல் பரிந்துரைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் 2012-இல் சொந்தமாக ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. அந்த அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அந்தக் கதவு இப்போதைக்குச் சாத்தித்தான் இருக்கிறது. அதை உங்களால் திறக்க முடியாது. உங்கள் அலுவலகக் கதவையும் உங்கள் பேரேட்டையும் திறக்க உங்களால் முடியும்.

இனி பணத்துக்கு வருகிறேன். பழைய ஜோர்ஜ்டவுன் மன்றம் ஏன் பணக்கார மன்றமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரம் விற்றது அதுதான். தண்ணீர் விற்றதும் அதுதான். டிராமும், 1925 முதல் 1961 வரை டிராலி பேருந்தும், பிறகு சாதாரணப் பேருந்தும் ஓட்டியது அதுவே. சேவையும் செய்தது, கட்டணமும் வாங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. 1973-இல் தண்ணீர் தனி வாரியத்துக்குப் போனது. 1976-இல் மின்சாரம் தேசிய மின்சார வாரியத்துக்குப் போனது. நகரப் பேருந்துகளும் மறைந்தன. 2007-இல் வந்த ரெப்பிட் பினாங் கூட்டரசு நிறுவனத்தின் பேருந்து. வருமானம் தருகிற சேவைகள் கைவிட்டுப் போயின. குப்பை, சாக்கடை, சாலை, பூங்கா, சந்தை, கழிப்பறை என்று செலவு வைக்கிறவை மட்டும் உங்களிடம் நின்றன. உங்கள் நிதி நெருக்கடியின் வேர் இங்கே இருக்கிறது. அதற்கு உங்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

பொருளாதாரக் கதை இதற்கு நேர் எதிர். 1969-இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. அப்போது வேலையில்லாதோர் சுமார் 15 விழுக்காடு. அதே ஆண்டில் முதலமைச்சரான லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கினார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. இன்டெல், ஹியூலெட் பெக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி, கிளேரியன் முதலிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்கிறோம். தோட்டப்புறத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்த நம் பெண்கள் ஷிப்டு வேலை பார்த்துத் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தது அந்தத் தொழிற்சாலைகளின் சம்பளத்தில்தான். இன்று உலகச் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும் பங்கு பினாங்குக்கு. 2021-இல் மட்டும் 76.2 பில்லியன் ரிங்கிட் உற்பத்தி முதலீடுகளுக்கு இங்கே அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இன்டெல் தனியாகவே 30 பில்லியன் ரிங்கிட் திட்டத்தை அறிவித்தது.

இத்தனை பில்லியன்கள் வரும் ஊரில் அஞ்சடி நடைபாதையில் உடைந்த தரை ஓட்டை மாற்ற ஏன் காசில்லை? ஊர்க்காரர் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு நீங்கள் ஒருநாளும் தெளிவாகப் பதில் சொன்னதில்லை. பதில் அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் வருமான வரி, தொழிலாளியின் வருமான வரி, விற்பனை வரி, சேவை வரி எல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலத்துக்கு நிலவரி, நிலப் பிரீமியம், கேளிக்கை வரி போன்றவையும், கூட்டரசு தரும் தலைவீத மானியமும், சாலை மானியமும்தான். உங்களுக்கு மிஞ்சுவது கட்டடத்தின் மீதான மதிப்பீட்டு வரி, லைசென்ஸ் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், அபராதம், மேம்பாட்டுக் கட்டணம். பல கோடி ரிங்கிட் சரக்கை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை உங்களுக்குத் தருவது அதன் கூரைக்கும் சுவருக்கும் உரிய வரி மட்டுமே. அதன் பத்தாயிரம் தொழிலாளர் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சாலையும், அவர்கள் போடும் குப்பைக்கு லோரியும் உங்கள் பொறுப்பு.

பினாங்கிலிருந்து வசூலாகும் வரியில் 20 விழுக்காட்டைத் திருப்பித் தாருங்கள் என்று முதலமைச்சர் சோவ் கொன் இயோவ் கூட்டரசைக் கேட்டிருக்கிறார். நியாயமான கோரிக்கை. நானும் ஆதரிக்கிறேன். ஆனால் புத்ராஜெயா மனம் இரங்கும் நாளுக்காகச் சாக்கடை காத்திருக்காது. அது மட்டுமா? கூடுதல் பணம் வந்தாலும் முதலில் மாநிலக் கருவூலத்துக்குத்தான் வரும். அதில் எத்தனை காசு மாநகர் மன்றத்துக்கு இறங்கும் என்று இன்றே எழுதி வாங்கிக்கொள்வது உங்கள் கடமை. கூட்டரசு, மாநில அரசுக் கட்டடங்களுக்கு மதிப்பீட்டு வரி கிடையாது. அதற்கு ஈடாக ஒரு தொகை தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 156-ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டுதோறும் எந்தத் துறை எவ்வளவு கட்டியது, எவ்வளவு பாக்கி வைத்தது என்று பட்டியலிட்டு வெளியிடுங்கள். இரண்டு தவணை தாமதித்த வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகும்போது, பெரிய இடத்துப் பாக்கியும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி மதிப்பீட்டு வரி. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. சில ஆண்டுகளாக நீங்கள் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டத்தையே சமர்ப்பித்து வருகிறீர்கள். துண்டு விழும் தொகையைச் சேமிப்பு ஈடுகட்டுகிறது. சேமிப்பு வற்றாத கிணறு அல்ல. இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கு விளக்கிச் சொன்னால் பாதிக் கோபம் தணியும். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மாதம் 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு மதிப்பு 12,000. அதில் இத்தனை விழுக்காடு என்று வரி. எட்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 960 ரிங்கிட், இரண்டு தவணையில். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராக வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு விரும்பினால் தள்ளிப்போடலாம் என்பதும் அதே சட்டம். தேர்தல் கணக்குப் பார்க்கும் அரசியல்வாதிக்குத் தள்ளிப்போடுவதே சுகம். தள்ளிப்போட்ட வரி ஒருநாள் மொத்தமாகத் தலையில் விழும்போது வலிப்பது மக்களுக்கு.

இதற்குச் சென்னை நல்ல பாடம். 1998-க்குப் பிறகு அங்கே சொத்து வரியைப் பொதுவாகத் திருத்தவே இல்லை. 24 ஆண்டு கழித்து 2022 ஏப்ரலில் 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். ஊரே கொதித்தது. இடைப்பட்ட காலத்தில் சாலையும் வடிகாலும் பட்டினி கிடந்தன. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் மதிப்பீடு மறுபரிசீலனைக்கு வரும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் குறைந்த விகிதம், வாடகைக்கு விடுபவருக்குக் கூடுதல் விகிதம். ஏறினாலும் இறங்கினாலும் மக்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. சிறிய உயர்வு, சொன்ன தேதியில், சொன்ன காரணத்துக்கு. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கிழவர் தன் சொந்த வீட்டில் இருந்தால் அவருக்குச் சலுகை. அதே வரிசையில் உள்ள வீட்டை வாங்கி நாள்வாடகைக்கு விடுபவருக்கு வணிக விகிதம். பயன்பாட்டைப் பார்த்து வரி விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மனம்தான் வேண்டும்.

நகரின் நடுப்பகுதியில் இது இன்னும் அவசரம். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும் பழைய கடைவீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி வந்தது. சுமார் 259 ஹெக்டேர் நிலம் அந்த எல்லைக்குள் இருக்கிறது. கட்டடங்கள் பிழைத்தன, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குடும்பங்கள் போன இடத்தில் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் வந்துவிட்டன. லெபோ பாசாரில் மல்லிகைப்பூ கட்டுபவரும், மசாலா அரைப்பவரும், நகைப்பட்டறை ஆசாரியும் இருப்பதால்தான் அது குட்டி இந்தியா. அவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஆயர் ஈத்தாமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் போய்விட்டால், சுற்றுப்பயணிக்குக் காட்ட வண்ணம் பூசிய சுவர் மட்டும் இருக்கும். மரபுத் தொழிலுக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கும் வரிச்சலுகை, இரவு வாடகைக்குக் கூடுதல் வரி என்று எழுதுங்கள். நகரின் பொருளாதாரத்தைக் காப்பாற்றும் செலவாக அதைப் பாருங்கள்.

செலவு வரிசையில் எது முதலில் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் வடிகாலும் மலைச்சரிவும் என்பேன். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறக்க மாட்டோம். ஏழு உயிர்கள் போயின. மருத்துவமனை வரை தண்ணீர் புகுந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸ் சாலைப் பணியில் மீண்டும் மண் சரிந்து 9 பேர் மாண்டார்கள். அந்தச் சாலை உங்கள் மன்றத்தின் திட்டம். மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். நம் பாட்டன் பூட்டன் வந்த அதே வழியில் வந்தவர்கள். பினாங்குத் தீவின் சமநிலம் கடலோரத்தில் ஒரு பட்டை. நடுவில் மலை. மலையை வெட்டினால் மண் லோங்காங்குக்கு வரும், லோங்காங் அடைத்தால் வெள்ளம் வீட்டுக்கு வரும். எந்த எஞ்சினியரும் இதை மறுக்க மாட்டார்.

ஆறுகள் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம், பெரிய சாலை பொதுப்பணித் துறையிடம், சிறு சாக்கடை உங்களிடம். வெள்ளம் வந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். இந்தக் கை காட்டலை முடித்து வைக்க ஒரு வரைபடம் போதும். எந்த வடிகால் யாருடையது, கடைசியாக எப்போது தூர்வாரியது, அடுத்து எப்போது என்பதைத் தெருத்தெருவாகக் காட்டும் ஒரு பொது வரைபடம். தழுவல் நிதியம் என்ற அனைத்துலக அமைப்பு இந்தத் தீவின் பருவநிலைப் பாதுகாப்புக்கு ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. மரம் நடவும், மழைநீரைத் தேக்கவும், வெப்பத்தைத் தணிக்கவும் அந்தப் பணம். அதில் எத்தனை மரம் எந்தத் தெருவில் நிற்கிறது என்று அதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். ஊர்ப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

குப்பையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை முதலில் சொல்கிறேன். பல மாநிலங்கள் குப்பை அள்ளும் வேலையைக் கூட்டரசின் சட்டத்துக்குக் கீழே தனியாரிடம் விட்டபோது, பினாங்கு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2016 ஜூனில் வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையைக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பைக்கு முடிவு கட்டியது. தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலைச் சாலையைப் பார்த்தவர்களுக்கு உங்கள் துப்புரவுத் தொழிலாளர்களின் அருமை தெரியும். லட்சக்கணக்கானோர் உடைத்த தேங்காயும் வீசிய குவளையும் எப்படி மறைந்தன என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிறேன். அந்தக் கைகளுக்குரியவர்களுக்கு நிரந்தர வேலையும் காலணியும் கையுறையும் மருத்துவ விடுப்பும் உங்கள் திட்டத்தில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன?

நம் தீவின் குப்பை கடல் தாண்டி, பெருநிலத்தின் தென்பகுதியில் உள்ள புலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பற்றிப் புகைந்து பக்கத்து கிராமங்களை மூச்சுத் திணறவைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தீவிலேயே ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தது. தூரத்தில் போட்டால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தப் புகையோடு போயிருக்க வேண்டும். குப்பையில் பெரும் பங்கு சமையல் கழிவாக இருக்கும் ஊர் இது. நாசி கண்டார் கடைகளும் அங்காடி மையங்களும் வரிசை கட்டி நிற்கும் ஊருக்கு அது வியப்பில்லை. ஒவ்வொரு அங்காடி மையத்திலும் சமையல் கழிவைத் தனியே வாங்கி உரமாக்கினால், கடல் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆகும் செலவு மிச்சம். மிச்சமான ரிங்கிட்டைத் தனி வரியில் எழுதிக் காட்டுங்கள். தரம் பிரிக்கச் சொல்லி அபராதம் போடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இனி வரப்போகும் பெரிய திட்டங்கள். 2025 ஜனவரி 11-ஆம் நாள் முத்தியாரா இலகு ரயில் தடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே கடலைத் தூர்த்து உருவாகும் சிலிக்கான் தீவிலிருந்து பாயான் லெப்பாஸ், கொம்தார் வழியாகக் கடல் கடந்து பினாங் சென்ட்ரல் வரை செல்லும். 2031-இல் ஓட வேண்டும் என்பது திட்டம். கூட்டரசு செலவை ஏற்றுக்கொண்டது, மகிழ்ச்சி. ஆனால் ரயிலை விட்டு இறங்கும் பயணி முதல் அடி வைப்பது உங்கள் நடைபாதையில். இன்று ஜோர்ஜ்டவுன் அஞ்சடிகளில் பாதி மோட்டார் சைக்கிளுக்கும் கடைச் சரக்குக்கும் சொந்தமாகிவிட்டது. மூத்தவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அரைக் கிலோமீட்டர் நிழலுள்ள நடைபாதை, கடக்கும் இடம், சிறு பேருந்து இணைப்பு என்று இன்றே வேலையைத் தொடங்காவிட்டால், 2031-இல் ரயில் காலியாக ஓடும், சாலையில் கார் நிறைந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் நில முதலாளியின் உழைப்பால் வருவது இல்லை. பொதுப்பணத்தால் வருவது. மேம்பாட்டுக் கட்டணத்தாலும் சரியான மறுமதிப்பீட்டாலும் அதில் ஒரு பங்கை நகரம் திரும்பப் பெற வேண்டும். அடர்த்தியைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், அந்தத் தள்ளுபடியை யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார் என்று எழுதி வையுங்கள். தெற்கே 2023 செப்டம்பரில் தொடங்கிய சிலிக்கான் தீவுக் கடல் தூர்ப்புக்கும் இதுவே பொருந்தும். பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் பகுதி மீனவர்கள் எழுப்பிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. 2,300 ஏக்கர் புது நிலத்தில் நாளை எழும் தெருக்களுக்கு விளக்கும் வடிகாலும் குப்பை லோரியும் காலகாலத்துக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை இன்றே கணக்கிட்டு, அதற்கென ஒரு தனி நிதியைக் கட்டுபவர்களிடமிருந்து வாங்கி ஒதுக்காவிட்டால், பழைய பினாங்கு புதிய பினாங்குக்கு வாழ்நாள் முழுக்க வரி கட்டும்.

மூப்பைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 7,94,313 பேர். நாட்டிலேயே பிள்ளைப்பேறு மிகக் குறைந்த மாநிலம் பினாங்கு. இன்னும் இருபது ஆண்டில் இந்த நகரம் முதியவர்கள் நிறைந்த நகரமாக இருக்கும். பழைய மலிவு அடுக்குமாடிகளில் லிப்ட் பழுதாகிக் கிடந்தால் எட்டாவது மாடிப் பாட்டிக்கு அதுவே சிறை. புதிய மேம்பாலத்தின் திறப்பு விழாவில் வெட்டும் ரிப்பனுக்கு நாளிதழில் கிடைக்கும் இடம், பழுது பார்த்த லிப்டுக்குக் கிடைக்காது. ஆனாலும் செலவு அங்கேதான் போக வேண்டும்.

மக்களைக் கேட்டுத் திட்டம் போடுவது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். இங்கேயே நடந்திருக்கிறது. 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து தீவின் மன்றமும் பெருநிலத்தின் செபராங் பிறை மன்றமும் பாலினப் பார்வையும் பங்கேற்பும் கொண்ட வரவு செலவு முயற்சியைத் தொடங்கின. ஜாலான் சுங்கை மக்கள் குடியிருப்பில் ஆண், பெண், இளையோர், முதியோர் என்று குழுவாக அமர்ந்து எது முதலில் என்று தாங்களே வாக்களித்தார்கள். அப்போது செபராங் பிறைக்குத் தலைவராக இருந்த மைமுனா முகமட் ஷரிப் பிறகு உங்கள் மேயரானார். 2018-இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குடியிருப்பு அமைப்புக்கே தலைவரானார். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கி உலகம் வியந்த முறையை நம் சுங்கை பினாங்கு அடுக்குமாடியில் செய்து காட்டினோம். அதை முன்னோட்டமாகவே வைத்திருக்கக் கூடாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை:

ஒன்று, அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் வெளியிடுங்கள். அதில் நூறு ரிங்கிட் வரியில் குப்பைக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று இருக்கட்டும்.

இரண்டு, மறுமதிப்பீட்டுக்குத் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். சொந்த வீட்டில் வாழும் முதியவர்களுக்கும் மரபுத் தொழிலுக்கும் சலுகை, நாள்வாடகைக்குக் கூடுதல் விகிதம்.

மூன்று, பராமரிப்புக்கான பணத்தைத் தனியாகப் பூட்டி வையுங்கள். வடிகால், மலைச்சரிவு, நடைபாதை, லிப்ட் ஆகியவற்றுக்கு ஒதுக்கியதை வேறு எதற்கும் மாற்றக் கூடாது.

நான்கு, ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் முப்பது ஆண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்த்துக் காட்டுங்கள். அதைக் காட்டாத எதற்கும் கை தூக்காதீர்கள்.

ஐந்து, ஆண்டுக்கு ஒரு பங்கு பணத்தையாவது குடியிருப்பாளர்கள் வாக்களித்துச் செலவிட விடுங்கள். சிறு தொகையானாலும் பரவாயில்லை.

உள்ளாட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் முழு மன்றக் கூட்டங்களைப் பொதுமக்களும் செய்தியாளர்களும் பார்க்கலாம் என்கிறது. குழுவே முடிவு செய்தால் ஒழிய, குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை கிடையாது. உண்மையான முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன என்பதை ஊர் அறியும். குழுக் கூட்டக் குறிப்புகளையும் வெளியிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தடுக்கவும் இல்லை.

என் அருமை ஊர்க்காரர்களுக்கும் ஒரு சொல். நல்ல சேவை வேண்டும், வரி மட்டும் ஏறக் கூடாது என்று கேட்பது நமக்கும் அழகல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அளந்து காட்டினால் போட நாமும் தயாராக இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் நாளில் பொதுமக்கள் இருக்கைகளில் போய் உட்காருங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கவுன்சிலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறுப்பினர்களே, உங்களை அமர்த்தியது மாநில அரசு, சரிதான். உங்கள் அலவன்ஸைக் கொடுப்பது எங்கள் வரி. அடுத்த திட்டக் கூட்டத்துக்குள் அந்த நான்கு பக்கக் கணக்கை எங்கள் கையில் கொடுங்கள். கொடுத்த பிறகு வரியை உயர்த்தச் சொல்லி முதல் கடிதம் என்னிடமிருந்தே வரும்.

இப்படிக்கு,
வரி கட்டும் பினாங்குக்காரன்
ஜோர்ஜ்டவுன்